சுமந்தவளின் கூற்று: மகப்பேறும் வாடகைத் தாய்மையும் பற்றிய எமது எழுத்துக்கள் குறித்து

1

திருகோணமலை நகரின் கிழக்கே, பிரெட்றிக் கோட்டையைக் கடந்து செல்வோர் சேரும் கோணமலையின் உச்சியில், பாறை விளிம்பில் நிற்கும் மரமொன்றின் கிளைகளிலே சிறு மரத் தொட்டில்கள் கட்டப்பட்டிருத்தலைக் காணலாம். மகப்பேறு வேண்டிக் கோணேசரை வழிபடுவோர் கட்டிச் செல்பவை அவை. நாட்டார் வழக்காறுகளைத் தொகுப்போர் இவற்றை நேர்த்திக்கடன் என்ற பிரிவுள் அடக்கி அமைவர். ஆயின் சமூகவியல் நோக்கில் இத்தொட்டில்கள் பிறிதொரு செய்தியையும் உணர்த்துகின்றன. குழந்தையின்மை ஒரு தம்பதியின் உடல்சார்ந்த குறைபாடு மாத்திரமன்று. சொத்து, குடிவழி, மரணக்கிரியை, ஊரார் மதிப்பு ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்த சமூக நிலைமையுமாகும். பிள்ளை வேண்டுமென்ற விருப்பம் எத்துணை அந்தரங்கமானதாகத் தோன்றினும் அது பகிரங்கமான இடத்திலே, பலரும் காணக் கட்டப்படுவது இதனாலேயே எனலாம்.

இன்று அவ்விருப்பம் கோயிலோடு ஆய்வுகூடத்தையும் நாடுகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வளர்ந்தோருள் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர், அதாவது 17.5 சதவீதத்தினர், தம் வாழ்நாளில் எப்போதேனும் கருவளமின்மையை அனுபவிக்கின்றனர். உடலுக்கு வெளியே முட்டையையும் விந்தையும் இணைத்துக் கருக்கட்டச் செய்து, பெறப்படும் முளையத்தைக் கருப்பையில் வைக்கும் முறை 1978 இல் வெற்றி கண்டது. அம்முறை நிலைபெற்றதும், முளையத்தை அதற்கு உரியவளல்லாத மற்றொருத்தியின் கருப்பையில் வைத்தலும் சாத்தியமாயிற்று. தமிழில் அவளுக்கு வழங்கும் பெயர் 'வாடகைத் தாய்'.

மருத்துவர்களுக்கும் சட்ட அறிஞர்களுக்கும் உரியதெனக் கருதப்படும் இவ்விடயத்தை இலக்கியத் திறனாய்வு ஏன் எடுத்துக்கொள்ளல் வேண்டும்? தாய்மை பற்றிய எமது எண்ணங்களுட் பெரும்பாலானவை மருத்துவ நூல்களிலிருந்து வந்தவை அல்ல. காவியங்களிலிருந்தும் கதைகளிலிருந்தும் திரைப்படங்களிலிருந்தும் வந்தவை. ஆகவே அவற்றுள் யார் பேசுகின்றார், யார் பேசப்படுகின்றார் என்பதை ஆராய்தல் அவசியமாகின்றது. இக்கட்டுரையில் நாம் 'கூற்று' என்ற பழைய இலக்கணக் கருத்தாக்கத்தை அளவுகோலாகக் கொண்டு, பிள்ளையைச் சுமந்தவளுக்கு எமது எழுத்துக்கள் அளித்த இடம் யாது என நோக்க முற்படுகின்றோம்.

2

அகப்பொருள் மரபு தாய்மையை ஒருத்திக்கே உரியதாகக் கொள்ளவில்லை. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி உடன்போக்கு மேற்கொண்டவிடத்து இருவரும் புலம்புவர். பாலை வழியே மகளைத் தேடிச் செல்பவள் செவிலியே. அகப்பாடல்களில் எவரெவர் பேசுதற்குரியர் என வரையறுத்த தொல்காப்பியர், செவிலிக்கும் நற்றாய்க்கும் கூற்று வழங்குகின்றார்; கற்பொழுக்கத்திலே பரத்தைக்கும் வழங்குகின்றார். தந்தைக்கும் தமையனுக்கும் ஊராருக்கும் அவ்வுரிமை இல்லை. அவர்தம் சொற்களைப் பிறர் எடுத்துக் கூறலாமேயன்றி அவர்கள் தாமே பேசுதல் இல்லை எனச் செய்யுளியல் விதிக்கின்றது.

இதனைக் கொண்டு பண்டைச் சமுதாயத்தைப் பொற்காலமாகப் போற்றுதல் பொருந்தாது. செவிலியின் மகளே தோழியாகின்றாள் என்பது, வளர்ப்புப் பணி ஒரு குடும்பத்தின் பரம்பரைத் தொழிலாக இறுகியமையைக் காட்டுகின்றது. ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. பிறர் பிள்ளையைத் தன் உடலுழைப்பால் உருவாக்கியவளுக்கு அப்பிள்ளை பற்றிப் பேசும் உரிமை உண்டு என்ற நியதியை அம்மரபு இலக்கண விதியாகவே ஏற்றுக்கொண்டது.

காப்பியங்களுக்கு வருங்கால் நிலைமை சிக்கலடைகின்றது. சிலப்பதிகாரத்திலே கோவலனுக்குப் பிள்ளை பெற்றவள் மாதவி. கண்ணகிக்கு மகப்பேறு இல்லை. மணிமேகலைக் காப்பியத்திலே, இந்திர விழாவில் ஆடுவதற்கு மகளை அனுப்புமாறு வயந்தமாலை வந்து கேட்டவிடத்து, மணிமேகலை மாபெரும் பத்தினியின் மகள் என மாதவி விடையிறுக்கின்றாள். பெற்றவள் தன் வாயாலேயே பிள்ளையை மற்றொருத்திக்கு உரியவளாக்கும் இவ்விடம், எமது நோக்கில், மிகுந்த கவனத்துக்குரியது.

இக்கூற்றினை இருவகையாக விளங்கிக்கொள்ளலாம். கணிகையர் குலத்தவள் சுமந்த பிள்ளை, குலமகளின் பெயரைப் பெற்றாலன்றி மதிப்புப் பெறாது என்ற வர்க்க நியாயம் இதனுள் ஒலிக்கின்றது. தாழ்ந்தோர் வயிறும் உயர்ந்தோர் பெயரும் சேர்ந்து பிள்ளை உருவாகும் ஏற்பாட்டின் பழைய சாயல் இது. மறுபுறம், தன் மகளைக் கணிகைத் தொழிலினின்றும் விடுவிப்பதற்கு மாதவி மேற்கொண்ட துணிவான உபாயமாகவும் இது அமைகின்றது. இரண்டாவது விளக்கம் எவ்வாறு சாத்தியமாகின்றது? அம்முடிவை எடுத்தவள் மாதவி. அதனைச் சொன்னவளும் மாதவி. கூற்று அவளிடம் இருப்பதாலேயே அவளது செயல் இழப்பாக மட்டும் சுருங்காமல் அரசியலும் ஆகின்றது.

புராண இதிகாசங்களிலே கருமாற்றக் கதைகள் உள. தேவகியின் கரு உரோகிணியின் வயிற்றுக்கு மாற்றப்பட்டு பலராமன் பிறக்கின்றான். காந்தாரி ஈன்ற பிண்டம் நெய்க் குடங்களில் இடப்பட்டுக் கௌரவர் பிறக்கின்றனர். 2019 சனவரியில் இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர், கௌரவர் சோதனைக்குழாய்க் குழந்தைகளே எனப் பேசினார். இது விஞ்ஞானமும் அன்று, இலக்கிய நயப்பும் அன்று. கதையைச் சாதனைப் பட்டியலாக்குவோர் கதை எழுப்பும் வினாவைத் தவறவிடுகின்றனர். தன் வயிற்றுக்கு ஒரு கரு வந்து சேரப்போவது பற்றி உரோகிணியிடம் எவரேனும் கேட்டனரா என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

3

கீழ் மாகாணத்து வழக்காறுகள் இவ்விடயத்திற் கவனிக்கத்தக்க சான்றுகளை அளிக்கின்றன. திருகோணமலையின் தொன்மத்திலே குளக்கோட்டனோடு சேர்த்துப் பேசப்படுபவள் ஆடகசவுந்தரி. கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்களிலும் வாய்மொழியிலும் சிற்சில வேறுபாடுகளுடன் வழங்கும் அவள் கதையின் சாரம் இது: கலிங்க நாட்டிற் பிறந்த அவள், அவளாற் கேடு விளையும் என்ற அச்சத்தாற் பேழையிலிட்டுக் கடலில் விடப்பட்டாள், இலங்கைக் கரையிற் கண்டெடுக்கப்பட்டு அரச மனையில் வளர்ந்தாள், உன்னாசகிரியில் ஆட்சி செய்தாள், குளக்கோட்டனை மணந்து சிங்ககுமாரனைப் பெற்றாள். ஒரு பிரதேசத்தின் அரசமரபுக் கதை, வளர்ப்புப் பிள்ளை ஒருத்தியை மூலத் தாயாக ஏற்றுக்கொண்டிருத்தல் அவதானிக்கத்தக்கது. இரத்தவழியே உறவின் ஒரே அடிப்படை என்ற கருத்து நினைக்கப்படுமளவுக்குத் தொன்மையானதுமன்று, முழுமையானதுமன்று. எனினும் பேழையிற் பிள்ளையை விட்ட தாயின் துயரம் அக்கதைக்குப் பொருளாகவில்லை.

பத்தினி வழிபாட்டிலும் இவ்வாறே. திருகோணமலை மாவட்டத்துப் பாலம்போட்டாறு தொடங்கி மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகள் ஈறாகக் கண்ணகி அம்மனாக வழிபடப்படுகின்றாள். பிள்ளை பெறாத ஒருத்தியையே இம்மக்கள் தாயென அழைத்து, மழைக்கும் நோய் நீக்கத்துக்கும் வேண்டுகின்றனர். அதே மக்களின் அன்றாட வாழ்விலோ பிள்ளை பெறாதவள் சுபகாரியங்களில் ஒதுக்கப்படுகின்றாள். தெய்வத்துக்கு அளிக்கப்படும் சலுகை மானிடப் பெண்ணுக்கு மறுக்கப்படும் இம்முரண்பாடு தனியாக ஆராயப்படவேண்டியது.

மட்டக்களப்புப் பிரதேசத்திலே குடிவழி தாய் மூலமே கணிக்கப்படுகின்றது. அங்கு வழங்கும் 'வயிற்றுவார்' என்ற சொல், வயிற்றின் வழியாக இறங்கும் உறவைக் குறிப்பது. கோயில் உரிமைகளும் திருமண விலக்குகளும் அதனோடு தொடர்புடையன. தந்தைவழிச் சமுதாயங்களில் வாடகைத் தாய்மை எழுப்பாத ஒரு வினாவை இவ்வமைப்பு எழுப்பும். ஒருத்தியின் முட்டையிலிருந்து உருவான முளையம் வேறு குடியைச் சேர்ந்த மற்றொருத்தியின் வயிற்றில் வளருமாயின், பிள்ளை எக்குடியைச் சேர்ந்தது? முட்டைக்கும் வயிற்றுக்கும் வேறுபாடு தோன்றுமென எண்ணியிராத ஒரு சமுதாயத்தின் சொல் அது. நவீன மருத்துவம் தாயை இரண்டாகப் பிரித்துவிட்டது. எமது உறவுமுறைச் சொற்களோ இன்னும் ஒருத்தியையே அறியும்.

4

நவீன எழுத்துக்குத் திரும்புவோம். சிவசங்கரியின் 'ஒரு சிங்கம் முயலாகிறது' என்ற நாவலும், அதனைத் தழுவி முக்தா சீனிவாசன் இயக்கத்தில் 1980 இல் வெளியான 'அவன் அவள் அது' திரைப்படமும் முன்னோடி முயற்சிகள். பிள்ளை பெற இயலாத மனைவி, கணவன், செயற்கைக் கருவூட்டல் மூலம் அவன் பிள்ளையைச் சுமக்கும் மூன்றாமவள் என்ற முக்கோணத்தை அவை தமிழ் வாசகர் முன் வைத்தன. முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வெகுசனத் தளத்தில் இவ்விடயம் பேசப்பட்டமை பாராட்டத்தக்கது. ஆயினும் தலைப்புகளே கதையின் அச்சு எங்குள்ளது என்பதைப் புலப்படுத்துகின்றன. சிங்கம் முயலாதல் ஆணின் மாற்றம். அவன், அவள், அது என்ற எண்ணிக்கையில் ஆணுக்கு ஓரிடமும் பிள்ளைக்கு ஓரிடமும் உண்டு. மனைவியும் சுமப்பவளும் 'அவள்' என்ற ஒரு சுட்டுப்பெயருக்குள் நெருங்கி நிற்கவேண்டியுள்ளது. சுமப்பவள் ஒரு குடும்பத்தின் அமைதியைக் குலைக்கக்கூடிய உணர்ச்சிப் பிரச்சினையாகவே தோன்றுகின்றாள்; உழைப்பாளியாக அவள் நோக்கப்படவில்லை.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) வாடகைத் தாய்மை பற்றியதன்று. அதன் மறுதலை வடிவம் பற்றியது எனலாம். பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியரின் கதை அது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளிரவு, பிள்ளையில்லாப் பெண்கள் முன்பின் அறியாத ஆடவரைத் தெய்வமாகக் கொண்டு கூடலாம் என்ற வழக்கத்தை நாவல் சித்திரிக்கின்றது. குழந்தையின்மையை நிலவுடைமையோடும் வாரிசுரிமையோடும் தொடர்புபடுத்திக் காட்டியமையும், சடங்குகள்தோறும் பொன்னா அடையும் அவமதிப்பை நுணுக்கமாகப் பதிவு செய்தமையும் நாவலின் பெருஞ் சிறப்புகள். குழந்தையின்மைக்கு ஏறத்தாழப் பாதிச் சந்தர்ப்பங்களில் ஆண்வழிக் குறைபாடும் தனித்தோ சேர்ந்தோ காரணமாகின்றது என்பது மருத்துவம் கண்ட உண்மை. ஆயின் 'மலடி' என்ற சொல் தெருவெங்கும் ஒலிக்க, 'மலடன்' என்ற சொல்லோ பெரும்பாலும் அகராதியிலேயே உறங்குகின்றது. காளியும் ஊராரின் ஏளனத்துக்கு உள்ளாவதைக் காட்டுவதன் மூலம் நாவல் இச்சமனின்மையைத் தொட்டுச் செல்கின்றது.

அவ்விரவில் பொன்னாவின் மனவோட்டம் விரிவாக எமக்குக் கிடைக்கின்றது. அவ்வளவில் அவளுக்குக் கூற்று உண்டு. ஆனால் கணவன் இணங்கிவிட்டான் என்ற பொய்யின் மீதே அவளது சம்மதம் கட்டப்படுகின்றது. நாவலின் இறுதியோ காளியின் குமுறலோடு அமைகின்றது. 2014 டிசம்பரில் தொடங்கிய எதிர்ப்பு, 2015 சனவரியில் எழுத்தாளர் தம் மரணத்தைத் தாமே அறிவிக்கும் நிலைக்கு இட்டுச்சென்றது. 2016 சூலை 5 ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்துரிமையை நிலைநாட்டித் தீர்ப்பளித்தது. வேதனை யாதெனில், அப்பெரும் விவாதத்திலே ஊரின் மானம் பேசப்பட்டது, சாதியின் மானம் பேசப்பட்டது, கருத்துச் சுதந்திரமும் பேசப்பட்டது. பிள்ளையில்லாப் பெண்ணின் நிலையோ கவனத்திற்கு வரவில்லை.

2022 இல் வெளியான 'யசோதா' திரைப்படம் வாடகைத் தாய்மாரை அடைத்துவைத்திருக்கும் நிறுவனமொன்றைக் களமாகக் கொண்டது. பிறர் பிள்ளையை வளர்த்தவளின் பெயர் தலைப்பாயிற்று. முதன்மைப் பாத்திரம் வயிற்றை வாடகைக்கு விட்ட ஏழைப் பெண்ணாக அறிமுகமாகின்றாள். ஆனால் அவள் மாறுவேடமிட்டுப் புகுந்த காவல்துறைப் பெண் என்பது பின்னர் தெரியவருகின்றது. சுமப்பவள் கதையின் நடுவிற்கு வந்த வேளையிலும், அவள் பெயரால் மற்றொருத்தியே பேசுகின்றாள்.

5

இப்படைப்புகளுட் பலவற்றிலும் பொதுவாகக் காணப்படும் மற்றொரு குறை, நிகழ்தகவு பற்றிய அறியாமை. கதைகளிலே ஒரு முறை கருவூட்டல் நிகழ்ந்தால் பிள்ளை பிறந்துவிடும். கர்ப்பம் தரிக்காவிடின் கதை நகராது என்பது இதன் காரணமாகலாம். ஆயின் இது யதார்த்தத்துக்குப் புறம்பானது.

செய்முறையைச் சுருக்கமாக நோக்குவோம். இயல்பாக மாதமொரு முட்டை முதிரும் பெண்ணுக்கு ஓமோன் ஊசிகள் ஏற்றிப் பல முட்டைகள் முதிரச் செய்யப்படுகின்றன. அவை ஊசி மூலம் எடுக்கப்பட்டு விந்தோடு சேர்க்கப்படுகின்றன. மூன்று முதல் ஐந்து நாட்கள் வளர்த்த முளையம் கருப்பையில் வைக்கப்படுகின்றது. இதன்பின் ஏறத்தாழ இரு வாரங்கள் காத்திருத்தல் வேண்டும். எடுத்த முட்டைகள் அனைத்தும் முதிர்ந்தனவாக இரா. முதிர்ந்தன எல்லாம் கருக்கட்டா. கருக்கட்டியன எல்லாம் வளரா. வளர்ந்தன எல்லாம் பதியா. பதிந்தன எல்லாம் பிறப்பில் முடியா. ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதி இழக்கப்படுகின்றது.

பிரித்தானியாவின் மனிதக் கருக்கட்டல், முளையவியல் அதிகாரசபை 2019 ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட தரவுகள் இதனைத் தெளிவுறுத்தும். கருப்பையில் வைக்கப்பட்ட ஒவ்வொரு முளையத்துக்கும் பிறப்பு நிகழ்ந்த வீதம், 35 வயதுக்குக் குறைந்தோரிடையே 32 சதவீதம். 40 முதல் 42 வயதுவரை 11 சதவீதம். 43 வயதுக்கு மேல் 5 சதவீதம் அல்லது அதற்குங் கீழ். மிக இளையோருக்குங்கூட மூன்று முயற்சிகளில் இரண்டு தோல்வியில் முடிகின்றன. இங்கு தீர்மானகரமான காரணி கருப்பையின் வயதன்று, முட்டையின் வயது. இதனாலேயே சந்தையிலே பெண்ணுடல் இரண்டாகக் கூறுபோடப்படுகின்றது: முட்டைக்கு ஓர் இளம் பெண், வயிற்றுக்கு மற்றொருத்தி. 2022 இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் முட்டைகள் மீண்டும் மீண்டும் விற்கப்பட்டமை வெளியாகி, அவளது தாய் உள்ளிட்டோர் கைதானமை, இக்கூறுபோடலின் கோர முகத்தை வெளிப்படுத்திற்று.

வெற்றியின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. 1978 சூலை 25 ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தமை உலகறிந்த செய்தி. அதற்கு முன்னும் பின்னுமாக 1969 முதல் 1978 வரை எட்வேட்ஸ், ஸ்டெப்டோ, பேர்டி ஆகியோரின் முயற்சிக்குத் தம் உடலை ஒப்படைத்த பெண்கள் 282 பேர். முளையம் வைக்கப்பட்ட தடவைகள் 112, கர்ப்பங்கள் 5, உயிரோடு பிறந்த பிள்ளைகள் 2. எட்வேட்ஸ் 2010 இல் நோபல் பரிசு பெற்றார். வெறுங்கையோடு வீடு திரும்பிய பெண்களைப் பற்றி எவரும் காவியம் செய்யவில்லை. அதே 1978 ஒக்டோபர் 3 ஆம் நாள் கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தையை உலகுக்கு அளித்தார். அரசு நியமித்த குழு அவர் கூற்றை நிராகரித்தது. 1981 சூனில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் வாழ்வின் சாயலில் தபன் சின்ஹா இயக்கிய இந்தித் திரைப்படம் 1990 இல் வெளியாயிற்று. ஆயின் அதிலே கண்டுபிடிப்பு தொழுநோய்த் தடுப்பு மருந்தாக மாற்றப்பட்டது. முற்போக்கான ஒரு கலைஞரின் படைப்பிலும் கருப்பை மையப் பொருளாகவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

6

பிறர் பிள்ளையைச் சுமத்தல் உழைப்பு. இதனை ஏற்க மறுப்பதே இவ்விடயம் பற்றிய குழப்பங்களுக்கு அடிப்படை என்பது எமது துணிபு. 'வாடகை' என்ற சொல் வீட்டுக்கும் வண்டிக்கும் உரியது. வாடகைப் பொருள் தானாக உழைப்பதில்லை. உழைப்பவளுக்குரியது கூலி. அவளை உயிரற்ற இடமாகக் கருதும் மனப்பாங்கு அச்சொல்லிலேயே பதிந்துள்ளது. ஒப்பந்தங்களும் இதே மனப்பாங்கில் எழுந்தன. 1988 பெப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம், 10,000 டொலருக்குச் செய்யப்பட்ட இத்தகைய ஒப்பந்தமொன்றைச் செல்லாதென அறிவித்தது. நாகரிகமான சமுதாயத்தில் பணத்தால் வாங்கலாகாதவை சில உள என்ற நிலைப்பாட்டை அது வலியுறுத்திற்று.

இந்தியாவிலோ இது பெருந்தொழிலாக வளர்ந்தது. 2009 இல் வெளியான இந்தியச் சட்ட ஆணைக்குழுவின் 228 ஆம் அறிக்கை, இத்துறையை 25,000 கோடி ரூபா மதிப்புள்ள பொற்குடமாக வருணித்தது. குஜராத்தின் ஆனந்த் நகரில் களஆய்வு செய்த அம்ரிதா பாண்டே 2014 இலும், பெங்களூரில் ஆய்வு செய்த சர்மிளா ருத்ரப்பா 2015 இலும் வெளியிட்ட நூல்கள், இப்பெண்களின் குரலைப் பதிவு செய்தவை. ஆனந்தில் சுமந்த பெண்கள், தம் இரத்தத்தால் வளர்ந்த பிள்ளையோடு தமக்கு உறவு உண்டென வாதிட்டனர். 'வயிற்றுவார்' என்ற சொல்லை அவர்கள் அறியார். ஆயின் அதன் பொருளை அறிவர். பெங்களூரில் சுமந்தோருட் பலர் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளர். தொழிற்சாலை வேலையோடு ஒப்பிட்டே அவர்கள் இவ்வேலையை மதிப்பிட்டனர். இலக்கியம் தவறவிட்ட கூற்றைச் சமூகவியல் கேட்டிருக்கின்றது.

2022 சனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் 2021 ஆம் ஆண்டுச் சட்டம், வணிக முறையைத் தடைசெய்து, கைம்மாறு கருதாத முறையை மாத்திரம் அனுமதிக்கின்றது. சுமப்பவள் 25 முதல் 35 வயதுக்குட்பட்டவளாகவும் சொந்தப் பிள்ளை உடையவளாகவும் இருத்தல் வேண்டும். ஒரு முறை மாத்திரமே சுமக்கலாம். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்புறுதியும் அவளுக்கு உண்டு. சுரண்டலைத் தடுக்கும் நோக்கம் மெய்யானது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் மருத்துவருக்கு ஊதியம் உண்டு; ஆய்வுகூடத்துக்குக் கட்டணம் உண்டு; வழக்கறிஞருக்கும் உண்டு. ஒன்பது திங்கள் சுமப்பவள் மட்டும் தியாகியாக இருத்தல் வேண்டும். 2017 இல் இழப்பீடு வழங்கும் முறையைப் பாராளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் அது ஏற்கப்படவில்லை. தாய்மை புனிதமானது எனக் கூறி அதன் கூலியை மறுத்தல் பழைய கதையே.

இலங்கையரான நாம் இதனை அயல்நாட்டுப் பிரச்சினையாகக் கருதி ஒதுங்குதல் இயலாது. 1980களில் இந்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவற்றுள் நிகழ்ந்த மோசடிகளை 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி அம்பலப்படுத்திற்று. 2021 பெப்ரவரியில் அந்நாட்டு விசாரணைக் குழுவின் அறிக்கை உறுதிப்படுத்திற்று. பிள்ளையைக் கையளித்தபோது தாயாக நின்றவள் சில வேளை தாயே அல்லள், பணத்துக்கு நடித்தவள். பெற்றவளின் கூற்று தேவைப்படவில்லை. தாய் என்ற பாத்திரத்தில் நிற்க ஓர் உடல் போதுமாயிருந்தது.

திருகோணமலை மாவட்டத்தின் அண்மைய வரலாற்றிலே இதனினும் கொடிய சான்று உண்டு. மூதூரிலிருந்து 2005 இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற இளம் பெண்ணொருத்தியின் பராமரிப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. கடவுச்சீட்டிலே வயதைக் கூட்டிக் காட்டி அனுப்பப்பட்டவள் அவள். சம்பவத்தின்போது அவளுக்கு உண்மையில் வயது பதினேழு. பாலூட்டுகையில் மூச்சுத் திணறியது என்றாள் அவள். கொலை என்றது வழக்கு. அவளது முதல் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் தமிழிலிருந்து அரபு மொழிக்குச் செம்மையாகப் பெயர்க்கும் தகுதி உடையவர்தாமா என்பதே கேள்விக்குள்ளாயிற்று. 2013 சனவரி 9 ஆம் நாள் அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பிறர் பிள்ளைக்குத் தாய்மைப் பணி செய்யச் சென்றவளின் கூற்று, அவள் மொழியிலேயே கேட்கப்படவில்லை. கருப்பையை வாடகைக்குக் கேட்கும் சந்தையும், கைகளைப் பணிக்குக் கேட்கும் சந்தையும் ஒரே ஏழ்மையிலிருந்தே பெண்களைத் திரட்டுகின்றன. அதனாலேயே இவ்வேறுபட்ட நிகழ்ச்சிகளை ஒருங்கே நோக்குகின்றோம்.

7

இதுகாறும் கூறியவற்றிலிருந்து திறனாய்வுக்குரிய மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன. மகப்பேறு பற்றிய ஒரு படைப்பிலே சுமந்தவள் தானே பேசுகின்றாளா, அன்றிப் பிறரால் எடுத்துரைக்கப்படுகின்றாளா? அவள் உழைப்பின் நிலைமைகள், அதாவது ஊசி, கருச்சிதைவு, கூலி, ஒப்பந்தம், சொந்தப் பிள்ளைகளைப் பிரிந்திருத்தல் ஆகியன அதிற் புலப்படுகின்றனவா? தோல்வியுற்ற முயற்சிகளுக்கு, வெறும் வயிறோடு திரும்பியோருக்கு, அதில் இடம் உண்டா? உணர்ச்சிப் பெருக்கும் கதைப் பின்னலும் எத்துணை சிறப்பினும், இம்மூன்றினையும் தவிர்க்கும் படைப்பை யதார்த்தமானதெனக் கொள்ளுதல் இயலாது.

பிள்ளை விரும்புவோரின் துயரத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. விஞ்ஞானம் அத்துயரத்தை ஓரளவேனும் தீர்க்குமாயின் அதனை வரவேற்றல் வேண்டும். ஆயின் ஒருத்தியின் துயரம் மற்றொருத்தியின் மௌனத்தால் தீர்க்கப்படலாகாது.

இத்துறைமுக நகரில் இதற்கொரு மரபும் உண்டு. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை, தமிழின் முதல் வரலாற்று நாவலெனக் கருதப்படும் 'மோகனாங்கி'யை 1895 இல் எழுதியவர். அதற்கு முன்னரே, 1892 இல், 'தத்தை விடு தூது' என்ற செய்யுள் நூலின் வாயிலாகப் பெண்கல்வியையும், பெண் தன் துணையைத் தானே தெரியும் உரிமையையும் வற்புறுத்தினார். அக்காலத்தில் அக்கருத்தினைச் சொல்ல ஒரு கிளியைத் தூது விடவேண்டியிருந்தது. இன்று ஆனந்திலும் பெங்களூரிலும் சுமந்த பெண்கள் தாமே பேசியிருக்கின்றனர். மூதூரிலும் கிண்ணியாவிலுமிருந்து பணிக்குச் சென்று மீண்ட பெண்கள் பேசுதற்கு உள்ளனர். அவர்தம் கூற்றைக் கேட்டு எழுதுதல் படைப்பாளரின் பணி; அது கேட்கப்பட்டதா என உசாவுதல் திறனாய்வாளரின் பணி.